குறைமாதக் குழந்தைக்குப் பால்: வார்டின் முதல் மணி நேரத்திலிருந்து வீடு திரும்பும் வரை

பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பிள்ளை பிறந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. குழந்தை ஒரு மாடியில் இன்குபேட்டரில், தாய் இன்னொரு மாடியில் தையல் வலியோடு, அப்பா இரண்டுக்கும் நடுவில் லிஃப்டில். டாக்டர் சொல்வதில் பாதி காதில் ஏறாது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில், பால் விஷயத்தை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மூச்சு, ரத்தம், கண் பரிசோதனை எல்லாவற்றையும் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். தாய்ப்பாலைச் சுரக்க வைப்பது மட்டும் தாயால்தான் முடியும். அந்தச் சுரப்பு முதல் இரண்டு வாரத்தில்தான் நிலைபெறுகிறது. அதனால் குடும்பம் மொத்தமும் அந்த இரண்டு வாரத்தைச் சுற்றியே தன் வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, பிபியுஎம் எனப்படும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை ஆகியவற்றில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்ஐசியு) இருக்கிறது. சில தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. ஒவ்வொரு வார்டுக்கும் தனி நடைமுறை இருக்கும். நான் எழுதுவதும் உங்கள் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறார்.

எத்தனை வாரம், எவ்வளவு எடை

இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன் என்றால் மிகக் குறைமாதம். 28-க்கும் முன் என்றால் பிள்ளை மிக மிகச் சிறியது, எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். எடையில் 1,500 கிராமுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் பால் கணக்கு மிகக் கவனமாகப் போடப்படும்.

வாரக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று இடிக்காமல் செய்யும் திறமை ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்தில்தான் வர ஆரம்பிக்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு வாயில் பால் ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால்தான் மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் டியூப். டியூப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்குள் பால் போகிறது என்பதே நல்ல செய்தி.

முதல் ஆறு மணி நேரம்: சீம்பால்

பிரசவம் முடிந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பால் பீய்ச்ச ஆரம்பிப்பது சிறந்தது. அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம், மயக்கம் என்று தாமதமானால்கூட ஆறு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். தாயே கேட்கும் நிலையில் இல்லை என்றால் கணவரோ அம்மாவோ பிரசவ வார்டு நர்ஸிடம் கேட்க வேண்டும்: "பால் எடுக்க உதவுங்கள், பேபி என்ஐசியுவில் இருக்கிறது." இதைக் கேட்க யாரும் கூச்சப்படக் கூடாது. பிரசவ வார்டில் வேலை அதிகம். கேட்பவருக்கு உதவி சீக்கிரம் கிடைக்கும்.

முதல் நாள் பம்ப் தேவையில்லை, கைதான் நல்லது. சீம்பால் கெட்டியாக, மஞ்சளாக, துளித்துளியாக வரும். பம்பில் எடுத்தால் அந்தத் துளிகள் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து மெதுவாகத் தடவுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்பக்கமாக அழுத்துங்கள், அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். இதே தாளத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தோலில் விரலை இழுத்துத் தேய்க்க வேண்டாம், காம்பைக் கிள்ளவும் வேண்டாம். சில நிமிடம் கழித்து விரல் வைக்கும் இடத்தை மாற்றுங்கள். துளி எட்டிப் பார்த்ததும் கணவர் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம்.

முதல் தடவை ஒன்றுமே வராமல் இருக்கலாம். அடுத்த தடவை நான்கு துளி வரலாம். அந்த நான்கு துளியையும் வார்டுக்கு அனுப்புங்கள். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்திருக்கின்றன. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில், முழு மாதத் தாயின் பாலைவிட முதல் சில வாரங்கள் புரதம் கூடுதலாகவே இருக்கும். குழந்தைக்கு டியூப்பில் பால் ஆரம்பிக்கவில்லை என்றால்கூட, பல வார்டுகளில் ஒவ்வொரு கன்னத்தின் உட்புறமும் 0.1 மில்லி சீம்பாலைத் தடவி விடுவார்கள். அது வயிற்றுக்காக அல்ல, வாயின் ஈரத் தோல் வழியாக எதிர்ப்புச் சக்தி சேர வேண்டும் என்பதற்காக. உங்கள் வார்டில் இது உண்டா என்று கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: கடிகாரம் பார்த்து எடுங்கள்

முழு மாதக் குழந்தை பசித்தால் அழும், மார்பில் சப்பும், அதைப் பார்த்து உடம்பு பால் சுரக்கும். உங்களுக்கு அந்தத் தூண்டுதல் இல்லை. அதற்குப் பதிலாக நீங்களே 24 மணி நேரத்தில் எட்டு முதல் பத்து தடவை பால் எடுக்க வேண்டும். அதாவது பகலில் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி அதிகபட்சம் ஐந்து மணி நேர இடைவெளி விடலாம். நள்ளிரவு ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஒரு தடவையாவது எழுந்து எடுங்கள். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் அந்த நேரத்தில்தான் அதிகமாக இருக்கும். "பாவம், தூங்கட்டும்" என்று அலாரத்தை அணைக்கும் மாமியாரும் அம்மாவும் அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பை வேறு வழியில் காட்டச் சொல்லுங்கள்: பம்ப் கழுவித் தரட்டும், ஒரு டம்ளர் பால் சுடவைத்துத் தரட்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் பால் கட்ட ஆரம்பித்ததும் பம்புக்கு மாறலாம். மருத்துவமனையில் வைத்திருக்கும் பெரிய மின் பம்ப், இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுப்பது, இந்தச் சூழ்நிலைக்குச் சரியானது. வார்டில் இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள். கையில் அழுத்தும் சின்ன பம்பை மட்டும் நம்பி வாரக் கணக்கில் ஓட்டுவது கடினம். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். பம்ப் ஓடும்போதே கையால் மார்பை மெதுவாக அழுத்திக் கொடுத்தால் பால் கூடுதலாக வரும், கொழுப்புள்ள பின்பாலும் வரும். மார்பில் வைக்கும் புனல் அளவு சரியில்லை என்றால் காம்பு உரசிப் புண்ணாகும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராமல் நர்ஸிடம் காட்டி அளவை மாற்றுங்கள்.

எவ்வளவு வர வேண்டும்? முதல் நாள் மொத்தமே ஒரு டீஸ்பூன் வந்தால் போதும். மூன்றாம் நாளிலிருந்து ஏறும். பதினான்காம் நாள் வாக்கில் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் பின்னாளில் பால் பற்றாக்குறைக் கவலை பெரும்பாலும் இருக்காது. குழந்தை அன்று குடிப்பது 100 மில்லிதான் என்றாலும் 500-க்கு முயலுங்கள். பிள்ளை வளர்ந்து கேட்கும்போது திடீரென்று பாலைப் பெருக்குவது மிகக் கஷ்டம். ஒரு சின்ன நோட்டில் நேரமும் அளவும் எழுதி வாருங்கள். எண்ணிக்கை எட்டுக்குக் கீழே போனால் அடுத்த இரண்டு மூன்று நாளில் அளவும் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மார்பு கல்லாகக் கட்டி, சிவந்து, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பால் எடுப்பதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இன்னும் மோசமாகும்.

பாலை வார்டுக்குக் கொண்டுபோவது

ஒவ்வொரு பாட்டிலிலும் அல்லது சிரிஞ்சிலும் தாயின் பெயர், குழந்தையின் பதிவு எண், எடுத்த தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். வார்டில் பல தாய்மாரின் பால் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும். லேபிள் இல்லாத பாலை நர்ஸ் கொட்டத்தான் வேண்டும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை நர்ஸ்கள் "ஈபிஎம்" என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில், காருக்குள், அதைவிடவும் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 48 மணி நேரம் என்பது பல வார்டுகள் வைத்திருக்கும் கணக்கு. உறைநிலையில் மூன்று மாதம். பெட்டியின் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறமாக வையுங்கள். உறைந்ததைக் கரைத்த பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது.

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டியோ ஃபெரியிலோ தீவுக்கு வருபவர்களும், கிள்ளான், ரவாங் பக்கமிருந்து கோலாலம்பூர் வருபவர்களும் ஜாமில் மாட்டினாலும் பால் கெடாதபடி நல்ல கூலர் பையும் ஐஸ் பேக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை துங்கு அசிசாவில் இருந்தால் கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் வருவது எளிது. உறைந்த பாலும் புதுப் பாலும் இருந்தால் புதுப் பாலைத் தனியாகக் கொடுங்கள், அதுதான் குழந்தைக்கு முதலில் போக வேண்டியது.

பம்ப் பாகங்களை ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்ட சூடான தண்ணீரில் கழுவி அலச வேண்டும். நாளுக்கு ஒரு தடவையாவது கொதிக்க வைக்கவோ ஸ்டெரிலைசரில் போடவோ வேண்டும். சிங்க்கில் நேரடியாகப் போடாமல் இதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப்பில் பால்: ஒரு மில்லியில் ஆரம்பம்

இங்கேதான் பெற்றோர் அதிகம் கலங்குவார்கள். "பாட்டில் நிறையப் பால் கொண்டுவந்தேன், ஒரு மில்லிதான் கொடுக்கிறார்கள், பிள்ளை பசியில் கிடக்கிறது" என்று அழாத தாய் குறைவு. பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பிறந்த முதல் நாளே நரம்பு வழியாகச் சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் கலந்த திரவம் ஏற ஆரம்பித்துவிடும். வார்டில் அதை டிபிஎன் என்பார்கள். தொப்புள் நரம்பிலோ கையிலோ காலிலோ போடப்பட்ட மெல்லிய குழாய் வழியாக அது போகும். வயிறு தயாராகும் வரை உடம்பை வளர்ப்பது அதுதான்.

ஒரு மில்லிப் பால் குடலுக்குப் பயிற்சி. பாலே போகாமல் பல நாள் சும்மா கிடக்கும் குடல் மெலிந்து, சுருங்கி, வேலை செய்ய மறந்துவிடும். அதே சமயம் ஒரேயடியாக அதிகம் போனாலும் தாங்காது. அதனால் ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்று ஆரம்பிப்பார்கள். 1.2 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் நாள் முழுவதற்கும் 12 முதல் 24 மில்லி. இரண்டு மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு மில்லிதான். குழந்தை தாங்கினால் ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு 30 மில்லி வரை கூட்டிக்கொண்டே போவார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லி கூட்டியதற்கும் 30 மில்லி கூட்டியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. ஆகவே பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு வேகமாக ஏறுகிறது, நம் பிள்ளைக்கு மெதுவாக ஏறுகிறது என்று ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

கிலோவுக்கு 150 மில்லி அல்லது அதற்குச் சற்று மேலே எட்டினால் முழுப் பால். அந்த 1.2 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 180 மில்லி, இரண்டு மணிக்கு ஒரு தடவை 15 மில்லி. இந்த நிலை நெருங்கும்போது டிபிஎன் நிறுத்தப்படும், நரம்புக் குழாயும் எடுக்கப்படும். குழாய் எடுக்கப்படும் நாள் உண்மையிலேயே கொண்டாட வேண்டிய நாள். குழாய் எவ்வளவு நாள் குறைவாக இருக்கிறதோ அவ்வளவு தொற்று ஆபத்தும் குறைவு.

தினமும் நர்ஸிடம் கேட்க வேண்டியவை: இன்று எடை என்ன, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை, வாந்தி உண்டா, மலம் போனதா, என் பால் மட்டும்தானா. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து மலாய் தெரியாதவர்கள் "பெராட் பெராப்பா? சுசு பெராப்பா எம்எல்?" (எடை எவ்வளவு? பால் எத்தனை மில்லி?) என்று கேட்டால்கூடப் போதும், பதில் கிடைக்கும்.

எடை முதலில் இறங்கும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பும். அதற்கப்புறம் நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஒரு நாள் ஏறாவிட்டால் பதறாதீர்கள், வாரக் கணக்கைப் பாருங்கள்.

"பேபி புவாசா" என்றால்

நர்ஸ் இப்படிச் சொன்னால் இப்போதைக்குப் பால் நிறுத்தப்பட்டிருக்கிறது. வயிறு உப்பியிருக்கலாம், பச்சையாக வாந்தி வந்திருக்கலாம், மலத்தில் ரத்தம் தெரிந்திருக்கலாம். அல்லது பிறந்த பிறகும் மூடாமல் இருக்கும் இதயக் குழாய்க்கு மருந்து, ரத்தம் ஏற்றுதல் போன்ற காரணம் இருக்கலாம். டாக்டர்கள் அதிகம் பயப்படுவது குடல் அழுகும் நோய்க்கு. அதை "நெக்" என்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நோய்களில் அது கொடுமையானது. எக்ஸ்ரே எடுத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, சில சமயம் அறுவை சிகிச்சைகூடச் செய்ய வேண்டியிருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு, பால்மாவு குடிப்பவர்களைவிடக் குறைவு. நான் துளித்துளியாகச் சேமிக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

பால் நிறுத்திய நாட்களிலும் நீங்கள் எடுப்பதை நிறுத்தாதீர்கள். உறைய வைத்துச் சேமியுங்கள். மறுபடி ஆரம்பிக்கும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.

பாலில் ஏன் பொடி கலக்கிறார்கள்

"என் பால் சத்தில்லையா?" என்று கேட்காத தாய் இல்லை. உங்கள் பால் சத்தானதுதான். பிள்ளையின் தேவைதான் பெரிது. கருவில் கடைசி மூன்று மாதத்தில் நடக்க வேண்டிய வளர்ச்சி இப்போது இன்குபேட்டரில் நடக்கிறது. அதற்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 115 முதல் 140 கலோரியும் ஏறக்குறைய நான்கு கிராம் புரதமும் வேண்டும். 100 மில்லித் தாய்ப்பாலில் 67 கலோரி அளவில் இருக்கும். கிலோவுக்கு 150 மில்லி கொடுத்தாலும் 100 கலோரிதான் கிடைக்கும், புரதமும் போதாது. அதிகப் பாலைத் திணிக்க முடியாது. ஆகவே ஃபோர்ட்டிஃபையர் என்ற பொடியை அளவாகக் கலந்து, அதே பாலில் 100 மில்லிக்கு 80 கலோரி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அதில் உண்டு. எலும்பு மெலியாமல் இருக்கக் கடைசி இரண்டும் அவசியம். பொதுவாகப் பால் அளவு கிலோவுக்கு 50 முதல் 100 மில்லியைத் தொட்ட பிறகு இதை ஆரம்பிப்பார்கள். கலப்பது நர்ஸ் வேலை. நீங்கள் வீட்டிலிருந்து எதையும் பாலில் கலந்து கொண்டுவரக் கூடாது.

வைட்டமின் சொட்டு மருந்தும், சில வாரம் கழித்து இரும்புச் சத்தும் சேரும். தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில் சேர வேண்டிய இரும்பு இவர்களுக்குச் சேர்ந்திருக்காது.

பால் போதவில்லை என்றால்

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: எட்டு தடவை உண்மையில் நடக்கிறதா? அடுத்து பம்ப், புனல். அடுத்து நெஞ்சணைப்பு, அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அப்புறமும் குறைவாக இருந்தால் வார்டில் தாய்ப்பால் ஆலோசனை தரும் நர்ஸைக் கேளுங்கள். இங்கே அரசு மருத்துவமனைகள் "ரக்கான் பாயி" என்ற தாய்ப்பால் ஆதரவுத் திட்டத்தில் உள்ளவை, அதனால் அப்படி ஒருவர் பெரும்பாலும் இருப்பார். பால் பெருக்கும் மாத்திரையை டாக்டர் எழுதித் தராமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே உள்ள பால்மாவு கொடுப்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பாதி தாய்ப்பால், பாதி மாவு என்றாலும் அந்தப் பாதியின் பலன் குழந்தைக்கு உண்டு. கடையில் விற்கும் சாதாரண டின்னை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அது இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

பக்கத்துப் படுக்கைத் தாயிடம் அதிகமாக இருக்கும் பாலை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பரிசோதிக்காத பாலில் தொற்று வரலாம். இன்னொரு விஷயமும் உண்டு: இஸ்லாத்தில் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகள் ஆகிறார்கள், பின்னாளில் மணம் செய்துகொள்ள முடியாது. அதனால்தான் 2011-இல் இங்குள்ள தேசிய ஃபத்வா குழு தாய்ப்பால் வங்கி கூடாது என்று முடிவு செய்தது. அன்பால் நீங்கள் கொடுக்கும் பால்கூட ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பெரிய சிக்கலாகலாம். இதில் மருத்துவமனை வழியாக மட்டுமே எதுவும் நடக்க வேண்டும்.

பத்தியமும் பாட்டி வைத்தியமும்

பத்தியச் சாப்பாட்டில் பெரும்பகுதி நல்லது. பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, மீன் குழம்பு எல்லாம் சாப்பிடுங்கள். ஆனால் தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் வேண்டாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பத்திய மருந்தில் பிராந்தி சேர்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, பால் எடுக்கும் வரை அதை விலக்குங்கள். நாட்டு மருந்து, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்த குழந்தைகளுக்கு இங்கே செய்யும் ரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி குறைபாடு (சில பொருட்கள் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) என்று சொல்லியிருந்தால் இது கட்டாயம். அந்துருண்டை போட்டு வைத்த துணியையும் குழந்தை அருகில் கொண்டுபோகக் கூடாது.

நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற வழக்கம் இந்த நேரத்தில் ஒத்துவராது. உடம்பு இடம் கொடுத்தால் தாய் வார்டுக்குப் போக வேண்டும். தாய் தங்க மருத்துவமனையில் இடம் தருகிறார்களா என்றும் கேளுங்கள். பெரியவர்களிடம் இதை நான் எப்படிச் சொல்வேன் என்றால்: "பாட்டி, பிள்ளைக்கு மருந்தே அம்மாதான், மருந்தை வீட்டில் பூட்டி வைக்கலாமா?" பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

குழந்தைக்கு சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. யாருக்கும் தெரியாமல் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தடவுவதுகூட ஆபத்து. தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. திருநீறு, கறுப்புக் கயிறு, வசம்பு வளையல் எதையும் இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டாம். வெளியே வைக்க இடம் உண்டா என்று நர்ஸைக் கேளுங்கள்.

நெஞ்சோடு அணைத்து, பிறகு வாயில்

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தாயின் நெஞ்சிலேயே குழந்தையைக் கட்டி வைக்க ஆரம்பித்தார்கள். அதுதான் கங்காரு பராமரிப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இதை, பிறந்தது முதலே, நாளுக்கு எட்டு மணி நேரத்திலிருந்து முடிந்தவரை அதிகம் செய்யப் பரிந்துரைத்தது. குழந்தை டயப்பரோடும் தொப்பியோடும், உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாக, தவளை மாதிரி கால் மடங்கி நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போங்கள். வளையல், மோதிரம் கழற்றிவிட்டு முழங்கை வரை கை கழுவுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்கும்படி, முன்பே பாத்ரூம் போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். அணைத்த உடனே பால் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அப்பாவும் அணைக்கலாம், அணைக்க வேண்டும்.

நெஞ்சில் கிடக்கும் குழந்தை ஒரு நாள் காம்பை நக்கும். டாக்டர் அனுமதித்தால், பால் எடுத்துக் காலியான மார்பில் சும்மா சப்ப விடுவது அடுத்த படி. டியூப்பில் பால் போகும் நேரத்திலேயே இதைச் செய்தால் வாயும் வயிறும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும். கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 33, 34 வாரத்தில், மூச்சு நிலையாக இருந்தால், உண்மையான பால்குடி ஆரம்பம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான். மீதி டியூப்பில் போகும். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் தயார் என்ற அறிகுறி. விரலை விரித்துக்கொண்டால், நெற்றி சுருங்கினால், பால் வாயோரம் வழிந்தால், நிறம் மாறினால், மானிட்டர் சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். நேரமாகிறது என்று தட்டி எழுப்பிக் குடிக்க வைக்காதீர்கள்.

நம் மருத்துவமனைகளில் பாட்டிலுக்குப் பதிலாகச் சின்னக் கப்பில் கொடுக்கச் சொல்லித் தருவதும் உண்டு. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பால் கீழுதட்டைத் தொடும் அளவு கப்பைச் சாய்த்து, குழந்தையே நக்கிக் குடிக்க விட வேண்டும். ஊற்றக் கூடாது. நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது பல தடவை பழகிக்கொள்ளுங்கள்.

வேலை, செலவு

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். அப்பா திருமணமானவராக, அதே முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை செய்தவராக இருக்க வேண்டும். பிள்ளை வார்டில் இருக்கும்போதே உங்கள் விடுப்பில் பாதி கரைந்துவிடலாம். அதனால் முதலாளியிடம் சீக்கிரமே பேசுங்கள், வேலைக்குத் திரும்பினால் பால் எடுக்க இடமும் நேரமும் கேளுங்கள். செலவு கழுத்தை நெரித்தால் அரசு மருத்துவமனையில் "கெர்ஜா சோசியல் பெருபாத்தான்" என்ற மருத்துவ சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. வார்டிலிருந்து கடிதம் வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம் என்பதால் அவர்கள் முதல் வாரத்திலேயே கணக்கைக் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு

பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 35 வாரத்தைத் தாண்டி, வாய்வழியாகவே முழுப் பாலையும் குடித்து, எடை தொடர்ந்து ஏறி, வெளித் தொட்டிலில் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொண்டு, மூச்சு நிற்காமல் இருந்தால் அனுப்புவார்கள். கிளம்பும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒரு தடவைக்கு எவ்வளவு பால், ஃபோர்ட்டிஃபையர் தொடருமா, வைட்டமினும் இரும்பும் எத்தனை மில்லி, எதுவரை, அடுத்த கிளினிக் தேதி. சொட்டு மருந்தை அளக்கும் சிரிஞ்சில் கோடு எதுவரை என்று நர்ஸையே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். வார்டுக் குளிர்பெட்டியில் மிச்சம் இருக்கும் உறைந்த பாலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கூலர் பையை அன்று கையோடு கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் மூன்று மணிக்கு ஒரு தடவையாவது பால் கொடுங்கள். தூங்கினால் துணியை விலக்கி, பாதத்தைத் தடவி மெதுவாக விழிக்க வைத்துக் கொடுக்கலாம். நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் டயப்பர் நனைந்தால் பால் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நேரடியாகக் குடிப்பது பழகும் வரை பம்பையும் தொடருங்கள், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் வாரா வாரம் எடை பார்த்துப் புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள். திட உணவு ஆரம்பிக்கும் நேரத்தைப் பிறந்த நாளை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியையும் சேர்த்து டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

பால் குடிக்க மறுத்து அசந்து கிடந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பி இறுகினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், உடம்பு சில்லிட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். உதடு நீலமானால், மூச்சு விட்டு விட்டு வந்தால் 999-ஐ அழையுங்கள். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தை, வார்டிலிருந்து எப்போது வந்தது, கடைசியாக எப்போது, எவ்வளவு பால் குடித்தது என்பவை.